"புத்தகத்துல இப்படி இல்லையே!" – வாசகர் கேள்வி பதில்

நாவல்கள் படமாவது பற்றி மதுரை வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

கல்லூரி மாணவி, திருப்பரங்குன்றம்: 'பொன்னியின் செல்வன்' இரண்டு பாகமும் பார்த்தாயிற்று. எங்கள் அப்பத்தா இன்னும் "மணிமேகலை எங்கடி?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு பெண்ணை அப்படியே தூக்கிவிடலாமா?

அப்பத்தாவின் கோபம் நியாயமானது. கல்கி அந்த நாவலை முடிப்பதே கடம்பூர் இளவரசி மணிமேகலையின் மரணத்தில்தான். கடைசி அத்தியாயத்தின் தலைப்பு 'மலர் உதிர்ந்தது!'. 1950 அக்டோபர் தொடங்கி 1954 மே வரை வாரம் தவறாமல் படித்த தலைமுறைக்குப் பட்டாபிஷேகத்தைவிட அந்தச் சாவுதான் நெஞ்சில் நின்றது.

ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். ஐந்து பாகங்களில் முறையே 57, 53, 46, 46, 91 அத்தியாயங்கள். மொத்தம் 293. 2022இலும் 2023இலும் வந்த இரண்டு படங்களும் சேர்ந்து ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம். வகுத்துப் பார்த்தால் ஓர் அத்தியாயத்துக்கு ஒரு நிமிடமும் சில விநாடிகளும்தான். பாட்டையும் போரையும் கழித்தால் அதுவும் தேறாது. ஆட்களைக் குறைக்காமல் வேறு வழியில்லை. யாரைக் குறைப்பது என்பதுதான் கேள்வி. மணிமேகலையை எடுத்தால் கடம்பூர் மாளிகைக் காட்சிகள் கொஞ்சம் வெறிச்சோடும், ஆதித்த கரிகாலனை "நான்தான் கொன்றேன்" என்று அவள் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ளும் இடம் போகும். கதை நிற்காது, ஓடும்.

உண்மையான சேதம் வேறு இடத்தில். நாவலில் சேந்தன் அமுதன்தான் சோழ அரசி செம்பியன் மாதேவியின் உண்மையான மகன்; மகனாக வளர்ந்த மதுராந்தகன் போலி. அருள்மொழிவர்மன் எல்லோரையும் ஏமாற்றி, கடைசி நொடியில் கிரீடத்தை அவன் தலையில் வைக்கிறான். ஐந்தாம் பாகத்துக்குத் 'தியாகச் சிகரம்' என்று பெயர் வந்ததே அதனால்தான். படத்தில் இந்த ஆள்மாறாட்டம் கிடையாது. பாகம் முழுக்கச் சதி செய்த மதுராந்தகனே அரியணை ஏறுகிறான். அவன் மனம் மாறியதற்குப் போதுமான காட்சி இல்லாததால், தியாகம் ஏதோ சமரசம் போலத் தெரிகிறது. நாவலில் போலி மதுராந்தகன் பாண்டிய வாரிசாகக் கிளம்புவானே, அந்த இழையும் இதோடு அறுந்துவிட்டது. மதுரைக்காரர்கள் இதற்குத்தான் முதலில் சண்டைக்கு வந்திருக்க வேண்டும்!

இதையெல்லாம் மீறிப் படம் பெரிய வெற்றி. முதல் பாகத்துக்குச் சிறந்த தமிழ்ப் படம், ஒளிப்பதிவு, பின்னணி இசை, ஒலி வடிவமைப்பு என்று நான்கு தேசிய விருதுகள். நாவல் படிக்காதவர்களுக்கு இந்தக் குறைகள் கண்ணில் படவே இல்லை. படித்தவர்களோ விடுபட்டதைத் தாங்களே மனதில் நிரப்பிக்கொண்டு பார்த்தார்கள்.

ஆசிரியை, திருமங்கலம்: முதலில் படிப்பதா, பார்ப்பதா?

நாவலைப் பொறுத்தது. 'பொன்னியின் செல்வ'னை எந்த வரிசையில் தொட்டாலும் நஷ்டமில்லை. பூமணியின் 'வெக்கை'யைப் படித்துவிட்டுத்தான் 'அசுரன்' பார்க்க வேண்டும்.

தனியார் நிறுவன ஊழியர், உசிலம்பட்டி: 'வெக்கை'யில் இல்லாத ஃப்ளாஷ்பேக்தான் 'அசுர'னை ஓட வைத்தது என்கிறார்கள். அப்படியென்றால் நாவல் மட்டும் போதாதா?

1982இல் வந்த 'வெக்கை' கொலையில் தொடங்குகிறது. பதினைந்து வயதுப் பையன் சிதம்பரம், அண்ணனைக் கொன்ற வடக்கூரானின் கையை மட்டும் வெட்டத்தான் போகிறான், ஆள் செத்துவிடுகிறான். அப்புறம் அப்பனும் மகனும் எட்டு நாள் காடு, மலை, கண்மாய் என்று அலைகிறார்கள். என்ன சமைத்தார்கள், எங்கே தண்ணீர் குடித்தார்கள், எந்தப் பாறையில் படுத்தார்கள் என்பதுதான் பக்கங்களை நிரப்புகிறது. பதற்றம் முழுக்க அந்தச் சாதாரணக் காரியங்களுக்கு அடியில் ஓடுகிறது. சாதியின் பெயர்கூட நாவலில் கிடையாது.

இதை அப்படியே எடுத்தால் நல்ல படம் வரும். திருவிழா நாளில் வெளியாகும் படம் வராது. வெற்றிமாறன் அதைத் தெரிந்தே 2019இல் மையத்தை மகனிடமிருந்து அப்பனுக்கு மாற்றினார். மாற்றியதும் ஒரு கேள்வி எழுந்துவிடும்: இவ்வளவு அடங்கிப்போகிற ஆள் ஏன் அடங்கிப்போகிறான்? அதற்குப் பதில் சொல்லத்தான் ஃப்ளாஷ்பேக். தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலமும், செருப்புப் போட்டதற்காக அவமானப்படுத்தும் காட்சியும் அந்த வழியாகத்தான் உள்ளே வந்தன. வெறும் ஒட்டு வேலை இல்லை இது. மையம் மாறியதன் தவிர்க்க முடியாத விளைவு. ஆனால் விலை கொடுத்திருக்கிறார்கள். இன்டர்வெல் சண்டையில் அப்பன் சிவசாமி எழுந்து நின்றதும் அவர் தோற்கமாட்டார் என்று நமக்குத் தெரிந்துபோகிறது. நாவலில் கடைசிப் பக்கம் வரை அந்த நிம்மதி கிடையாது.

வாசகர், மேலூர்: 'காவல் கோட்டம்' படமாகிறது என்றதும் திருமலை நாயக்கர், கோட்டைச் சுவர் இடிப்பு எல்லாம் திரையில் பார்க்கலாம் என்று போனோம். 'அரவா'னில் ஒன்றுமே இல்லையே?

சு. வெங்கடேசனின் நாவல் 1310 முதல் 1910 வரை அறுநூறு வருட மதுரை. ஆயிரம் பக்கத்துக்கு மேல். வசந்தபாலன் எடுத்துக்கொண்டது அதில் ஒரு சிறு பகுதியை, பலியாகக் குறிக்கப்பட்டவனின் கதையை மட்டும். 2011க்கான சாகித்ய அகாதெமி விருது அறிவித்த சூட்டோடு 2012 மார்ச்சில் படம் வந்ததால், விருது வாங்கிய நாவலே முழுசாகப் படமாகிவிட்டது என்று பலர் நினைத்துவிட்டார்கள். எதிர்பார்ப்பு ஒரு பக்கம், படம் ஒரு பக்கம்.

படத்தின் சொந்தக் கோளாறும் உண்டு. முதல் பாதி களவின் தொழில்நுட்பம்: இருட்டில் எப்படி நடப்பது, வீட்டுக்குள் எப்படி நுழைவது என்று நுணுக்கமாகப் போகிறது. இரண்டாம் பாதி பலியின் நியாயம். இரண்டும் தனித்தனியே நன்றாக இருந்தும் ஒன்றிலிருந்து மற்றது முளைக்கவில்லை. பெரிய நாவலிலிருந்து ஒரு துண்டை மட்டும் எடுக்கிறவர்கள், விளம்பரத்திலேயே "இந்தப் பகுதியைத் தழுவியது" என்று சொல்லிவிடுவது நல்லது. பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

ஓய்வுபெற்ற தபால் ஊழியர், செல்லூர்: 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்' அகிலன் நாவலா?

ஆமாம், 'கயல்விழி'. நாவலின் பெயர் பெண்ணின் பெயர். படத்தின் பெயர் நாயகனின் பெயர். 1978 பொங்கலுக்கு வந்தபோது அந்த நாயகனாக நடித்த எம்.ஜி.ஆர். முதலமைச்சராகவும் இருந்தார். தழுவல் எந்தத் திசையில் போயிருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

காளை வளர்ப்பவர், பாலமேடு: 'வாடிவாசல்' நூறு பக்கம்கூட வராத புத்தகம். அதை எப்படி இரண்டரை மணி நேரத்துக்கு இழுப்பார்கள்? மாட்டை வைத்து எடுக்க அனுமதி உண்டா?

தழுவலில் பெரிய நாவலைவிடச் சின்ன நாவல் கஷ்டம். பெரியதில் வெட்டினால் போதும். சின்னதில் சேர்க்க வேண்டும், சேர்த்தது தெரியவும் கூடாது.

சி.சு. செல்லப்பாவின் கதை ஒரே பிற்பகல், ஒரே இடம். பிச்சியும் அவன் மச்சான் மருதனும் பெரியபட்டி ஜல்லிக்கட்டுக்கு வருகிறார்கள். பிச்சியின் அப்பன் அம்புலியைக் குத்திய காரிக் காளை இப்போது ஜமீன்தாரின் மாடு. பிச்சி அதை அணைந்து அடக்குகிறான். அவமானம் தாங்காமல் ஜமீன்தார் மாட்டைச் சுட்டுவிடுகிறார். அவ்வளவுதான். ஸ்க்ரிப்ட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று பொதுவாகக் கணக்குப் போடுவார்கள். இந்தக் கதையைக் காட்சிகளாகப் பிரித்தால் நாற்பது, ஐம்பது நிமிடம் தேறும். மீதிக்கு வழி மூன்று.

முதல் வழி, அம்புலியின் பழைய கதையை விரிப்பது. இதில் பொறி ஒன்று இருக்கிறது. புத்தகத்தில் வாடிவாசலில் நிற்கும் கிழவன் வாயால்தான் பழைய சங்கதிகள் வருகின்றன. அம்புலி சாவதை முன்னாடியே காட்டிவிட்டால் கிழவனுக்கு வேலை இல்லை. காட்டியே ஆக வேண்டுமென்றால், காரியின் பெயரைக் கூவிய பிறகு, திட்டிவாசலில் அதன் மூச்சு கேட்கிற நேரத்தில், ஒரே ஒரு தடவை காட்டலாம்.

இரண்டாவது வழி, ஜமீன்தார். அவர் துப்பாக்கியை எடுப்பது திடீரென்று வந்தால் வில்லத்தனமாகத் தெரியும். மாடு தன் கௌரவம் என்று அவர் நினைப்பதை முன்கூட்டியே இரண்டு மூன்று இடங்களில் விதைத்திருக்க வேண்டும்: மாட்டை வாங்கியபோது, மேடையில் உட்காரும்போது, மற்றவர்கள் காரியைப் பற்றிப் பேசுவதை அவர் கேட்கும்போது.

மூன்றாவது வழிதான் எல்லோரும் போவது: பிச்சிக்கும் ஜமீனுக்கும் நேரடிப் பகை வைப்பது. அங்கேதான் கதை கெடும். புத்தகத்தில் பிச்சிக்கு எதிரி மாடு மட்டுமே. ஜமீன்தார் மேடையில் உட்கார்ந்து பார்க்கிற ஆள். பகையை மனிதனுக்கு மாற்றிவிட்டால் கடைசியில் மாடு சாவதற்கு அர்த்தமே இல்லை. வழக்கமான பழிவாங்கல் படமாகிவிடும். வெற்றிமாறன் – சூர்யா கூட்டணியில் இது அறிவிக்கப்பட்டபோதே பலரும் அஞ்சியது இதைத்தான்.

அனுமதி விஷயம்: எந்த உயிருள்ள பிராணியை நடிக்க வைத்தாலும் படப்பிடிப்புக்கு முன்பே பிராணிகள் நல வாரியத்தின் அனுமதி வேண்டும். என்ன மாடு, எந்தக் காட்சி, என்ன செய்யப்போகிறது என்று எழுதிக் கொடுத்து, கால்நடை மருத்துவர் சான்றும் இணைக்க வேண்டும். முடிந்த பிறகு வாரியத்தின் தடையில்லாச் சான்று இல்லாமல் சென்சாரில் அந்தக் காட்சி நகராது. அதோடு உங்களுக்கே தெரியும், வாடியிலிருந்து வெளியே பாய்ந்த காளை இரண்டாவது டேக்குக்கு அதே மாதிரி வராது. அதனால் கூட்டத்தையும் மண்ணையும் நிஜமாக எடுத்துவிட்டு, ஆளும் மாடும் ஒட்டுகிற இடத்தை கிராஃபிக்ஸில் செய்வார்கள். அதில் முதலில் காட்டிக்கொடுப்பது திமில்தான். நிஜ மாட்டுக்கு ஓடும்போது திமில் ஒரு பக்கமாகச் சாய்ந்து குலுங்கும்; கிராஃபிக்ஸ் மாட்டுக்குப் பாறை மாதிரி நிற்கும். உங்கள் ஊர் தியேட்டரில் சிரித்துவிடுவார்கள்.

குறும்பட இயக்குநர், வாடிப்பட்டி: பழைய எழுத்தாளர் கதையைக் குறும்படமாக எடுக்க ஆசை. யாரிடம் அனுமதி வாங்குவது? பதிப்பகத்தில் கேட்டால் போதுமா?

போதாது. பெரும்பாலும் பதிப்பகத்திடம் இருப்பது புத்தகமாக அச்சிடும் உரிமை மட்டும். பட உரிமை எழுத்தாளரிடமோ வாரிசுகளிடமோ இருக்கும். இப்படிப் போங்கள்.

முதலில் எழுத்தாளர் இறந்த வருடத்தைப் பாருங்கள். இந்தியாவில் அதற்கு அடுத்த ஜனவரி 1இலிருந்து 60 வருடம் பதிப்புரிமை. புதுமைப்பித்தன் 1948இல் மறைந்தார், கல்கி 1954இல். இருவரின் எழுத்தும் இப்போது பொதுச்சொத்து. மதுரையின் ஜி. நாகராஜன் மறைந்தது 1981. 2041 முடியும் வரை உரிமை உண்டு. தி. ஜானகிராமன் 1982, ஆகவே 2042 வரை. எழுத்தாளர் இறந்த பிறகு முதன்முதலாக வெளியான படைப்புக்குக் கணக்கு வெளியான வருடத்திலிருந்து தொடங்கும். நாட்டுடைமை ஆகியிருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம். ஆனால் அது எழுத்துக்கு மட்டும். தொடரில் வந்த ஓவியத்தை போஸ்டரில் போட ஓவியர் தரப்பின் அனுமதி தனி.

மொழிபெயர்ப்புக் கதையில் பலர் சறுக்குகிறார்கள். ஜேன் ஆஸ்டின் 1817இல் இறந்தவர், அவர் கதை யாருக்கும் சொந்தம். ஆனால் உங்கள் கையில் இருக்கும் தமிழ் மொழிபெயர்ப்பு மொழிபெயர்ப்பாளருடையது. அதன் வசனத்தை எடுத்தால் அனுமதி வேண்டும்.

உரிமை உயிரோடு இருந்தால் வாய்ப்பேச்சு செல்லாது, எழுத்தில் வேண்டும். எந்தக் கதை, என்னென்ன உரிமை, எத்தனை வருடம், எந்தெந்த நாடு, எவ்வளவு தொகை என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். வருடம் எழுதாமல் விட்டால் சட்டப்படி ஐந்து வருடம் என்றே எடுத்துக்கொள்ளப்படும். நாடு எழுதாவிட்டால் இந்தியா மட்டும். வெளிநாட்டு விழாவுக்கு அனுப்பும்போதுதான் இது உறைக்கும். இன்னொன்று: வேறு மாதிரி எழுதியிருந்தாலன்றி, வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதி. எனவே "மூன்று வருடத்துக்குள் படமாக்குவேன்" என்பது போல ஒரு வரியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வாரிசுகள் நான்கு பேர் என்றால் நான்கு கையெழுத்து. மூத்த மகன் மட்டும் போட்டது பிறகு வம்பு.

ஓடிடிக்கும் யூடியூபுக்கும் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். "எல்லா உரிமையும்" என்று ஒரே வரியில் எழுதி வாங்கியவர்கள்தான் வழக்கில் நிற்கிறார்கள்.

வங்கி ஊழியர், அண்ணா நகர்: எழுத்தாளரே திரைக்கதை எழுதினால் இந்தப் பிரச்சினையே வராதல்லவா?

வேறு பிரச்சினை வரும். ஜெயகாந்தனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1966இல் 'அக்கினிப் பிரவேசம்' என்ற சிறுகதை: மழையில் காரில் ஏறிய பெண் கெடுக்கப்பட்டு வீடு திரும்புகிறாள், அம்மா தலையில் தண்ணீர் ஊற்றி "நீ சுத்தமாயிட்டே" என்கிறாள். ஊரே சண்டைக்கு வந்தது. அம்மா அப்படிச் செய்யாமல் கூப்பாடு போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் எழுதியதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1977இல் ஏ. பீம்சிங் இயக்கத்தில் அவரே திரைக்கதை வசனம் எழுதினார். நாயகி கங்காவாக நடித்த லட்சுமிக்குத் தேசிய விருது. நாவலுக்குத் துரோகம் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் நாவலில் கங்கா மனதுக்குள் பேசிக்கொள்வதில் பெரும்பகுதி படத்தில் வாய்ப்பேச்சாக வருகிறது. தான் எழுதிய வாக்கியத்தை வெட்ட எழுத்தாளருக்குக் கை வராது. லட்சுமியின் முகம் அந்தப் பேச்சைத் தாங்கியது. எல்லாப் படத்துக்கும் அப்படி ஒரு முகம் கிடைக்காது.

இசை ஆசிரியர், சிம்மக்கல்: நாவலைவிடப் படமே மேல் என்று சொல்லும்படி ஒன்றாவது உண்டா?

'தில்லானா மோகனாம்பாள்', 1968. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதியபோது ஓவியர் கோபுலுவின் கோட்டில் நாதஸ்வரத்தைப் பார்க்க முடிந்தது, கேட்க முடியவில்லை. படத்தில் கேட்டது உங்கள் ஊர் வாசிப்பு: மதுரை சகோதரர்கள் எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி. போட்டிக் கதைக்கு அந்த ஒலிதான் பாதி உயிர். சிவாஜியின் விரலும் கன்னமும் வாசிப்போடு ஒட்டிப்போவதைச் சத்தத்தை நிறுத்திவிட்டு ஒரு தடவை பாருங்கள்.

மகேந்திரனின் 'உதிரிப்பூக்க'ளை இந்தப் பட்டியலில் சேர்க்கலாமா என்பது தகராறு. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து அவர் எடுத்தது பொறி மட்டும்தான்.

நூலக வாசகர் வட்டம், நத்தம் சாலை: நாவலும் படமும் என்று மாதம் ஒரு திரையிடல் நடத்த நினைக்கிறோம். எங்கள் உறுப்பினர் ஒருவரின் ஓடிடி கணக்கில் போட்டுக் காட்டலாமா?

கூடாது. அந்தச் சந்தா வீட்டில் பார்ப்பதற்கு. பொதுத் திரையிடலுக்குப் படத்தின் உரிமையாளரிடம் தனி அனுமதி வேண்டும். கட்டணம் வாங்கவில்லை என்பது காரணமாகாது. கல்விக்கூடத்துக்கு மட்டும் ஒரு விலக்கு: மாணவர், ஆசிரியர், பெற்றோர் போன்ற அந்தக் கல்விக்கூடத்துக்காரர்களோடு நின்றால் காட்டலாம். அதனால் ஒரு கல்லூரித் தமிழ்த்துறையோடு கைகோத்து, அவர்கள் நிகழ்ச்சியாக, அவர்கள் ஆட்களுக்கு மட்டும் நடத்துவது ஒரு வழி.

நடத்தும் முறைக்கு ஒரு யோசனை. முழு நாவலையும் படித்துவிட்டு வரச் சொன்னால் பாதிப் பேர் வரமாட்டார்கள். படத்தில் மாறிய ஒரே ஓர் இடத்தை, பத்துப் பதினைந்து பக்கம் நகலெடுத்துக் கொடுங்கள். படம் முடிந்ததும் "நல்லாருந்ததா?" என்று தொடங்காதீர்கள்; அதற்கு ஆளுக்கொரு தலையாட்டல்தான் கிடைக்கும். "இந்தக் காட்சியை எடுத்துவிட்டால் அடுத்து எந்தக் காட்சி விழும்?" என்று கேளுங்கள். 'அக்கினிப் பிரவேச'த்தில் தொடங்கலாம், உட்கார்ந்த இடத்தில் படித்து முடித்துவிடலாம்.

மாணவர், சோழவந்தான்: தொடர்கதையாக வந்த நாவலுக்கு வெப் சீரிஸ்தானே பொருத்தம்?

நீளத்துக்குப் பொருத்தம். 'தனிமையின் நூறு ஆண்டுகள்' படமாவதை கார்சியா மார்க்வெஸ் கடைசிவரை அனுமதிக்கவே இல்லை. அவர் மறைவுக்குப் பின் குடும்பம் சம்மதித்து, ஸ்பானிஷ் மொழியிலேயே, கொலம்பியாவிலேயே, 16 பகுதித் தொடராக நெட்ஃபிளிக்ஸுக்கு எடுத்தார்கள்; முதல் எட்டு 2024 டிசம்பரில் வந்தது. நாவலில் நீளமான வாக்கியங்களாக ஓடுகிற காலத்தைக் காட்ட அவர்களும் கதைசொல்லியின் குரலைத்தான் நம்ப வேண்டியிருந்தது. நேரம் கிடைத்துவிட்டது என்பதால் நடை கிடைத்துவிடாது. நம் ஊர்த் தொடர்களில் இன்னொரு ஆபத்து: ஒவ்வொரு பகுதியும் திடுக்கிடலில் முடிய வேண்டும் என்று இல்லாத திருப்பத்தை வைப்பார்கள். கல்கிக்கு அது தேவைப்படாது, அவரே வைத்திருக்கிறார். நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' மாதிரி நாவலுக்கு அது ஒட்டாது.

புத்தகக் கடைக்காரர், மதுரை: ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை யாராவது எடுப்பார்களா? கேட்டு வருகிற இளைஞர்கள் நிறைய.

எடுக்க முடியாத நாவல் என்று சொல்லிச் சொல்லியே விட்டுவிட்டார்கள். உண்மையில் சம்பவங்களுக்குப் பஞ்சமே இல்லை: ஜப்பான்காரன் நுழையும் இந்தோனேசிய நகரம் மெடான், தலைகள் வரிசையாக வைக்கப்பட்ட தெரு, கடலில் புயல், இந்திய தேசிய ராணுவம், கெரில்லாச் சண்டை. தடை இரண்டு இடத்தில். ஒன்று, நாயகன் பாண்டியன் மெடானில் நிற்கும்போதே மனம் மதுரைத் தெருக்களுக்கும் சின்னமங்கலத்துக்கும் ஓடிக்கொண்டிருக்கும். அதை ஃப்ளாஷ்பேக்காக வெட்டி வெட்டிக் காட்டினால் எரிச்சலாகும், ஒலியில் செய்யலாம். காட்சி மெடானில் இருக்க, காதில் மதுரைச் சந்தைக் கூவலும் வண்டிச் சத்தமும் மெல்ல ஏறட்டும். இரண்டாவது, இலக்கியத்தையும் சமூகத்தையும் கிழிக்கிற நண்பர்களின் குடிமேசைப் பேச்சு. வாசகர்கள் மனப்பாடமாகச் சொல்வது அதைத்தான், திரைக்கதைக்காரர் முதலில் வெட்டுவதும் அதைத்தான். அதில் ஒரே ஒரு மேசையை முழுசாக, எட்டு நிமிடம் வெட்டாமல் விட்டால் போதும், மற்றவற்றை எடுத்துவிடலாம்.

செலவுதான் பெரிது: 1940களின் துறைமுகம், கப்பல், மூன்று நான்கு மொழி பேசுகிற கூட்டம். சிங்காரம் 1997 டிசம்பரில் மறைந்தார். உரிமை 2057 முடியும் வரை. கேட்டு வரும் இளைஞர்களில் எவராவது எடுக்க நினைத்தால், மேலே வாடிப்பட்டி நண்பருக்குச் சொன்னதை அவர்களுக்கும் காட்டுங்கள்.